சொட்டு டீச்சரும் ஒரு பீரியடும்

என் தங்கச்சி வேதியியல் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொட்டு டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. மறைவாகச் சொல்வதெல்லாம் இல்லை, அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் "என்னடா?" என்று திரும்பிப் பார்ப்பாள். கோபப்பட்டால்தானே பட்டப்பெயர் ஒட்டும். இவள் கோபப்படவில்லை, அப்படியும் ஒட்டிக்கொண்டது.

பெயர் வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. குடுவையில் அளந்து அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் பினாப்தலீன் என்று ஒரு மருந்து ஒன்றிரண்டு துளி. அமிலத்தில் அதற்கு நிறமே கிடையாது, தண்ணீர் மாதிரி இருக்கும். மேலே ஸ்டாண்டில் நெட்டுக்குத்தலாக ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் திருகு, அதற்குப் பெயர் பியூரெட். அதற்குள் காரம். திருகைத் திறந்து காரத்தைக் குடுவையில் விட விட, அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று உப்பும் தண்ணீருமாகிவிடும். அமிலம் தீர்ந்தபின் விழுகிற முதல் சொட்டுக் காரம் குடுவை முழுவதையும் இளம் ரோஸாக்கிவிடும். அங்கே நிறுத்த வேண்டும். அடுத்த சொட்டு விழுந்தால் காரியம் கெட்டது.

பிள்ளைகள் திருகைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் பின்னால் நடந்துகொண்டே இருப்பாள். "சொட்டு... சொட்டு... ஊத்தாத. குழாயடியில குடமா பிடிக்கிற? சொட்டு!" வருஷக்கணக்காக இதே பாட்டு. வேறென்ன பெயர் வைப்பார்கள்?

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நான் எட்டாவதோடு நின்றவன். அப்பாவின் பேட்டரிக் கடைதான் என் கடை. கடைக்குப் பின்னால்தான் வீடு. சாப்பிட உட்கார்ந்தால் தங்கச்சி இதைத்தான் பேசுவாள். கேட்டுக் கேட்டு மண்டையில் ஏறிவிட்டது. ஏறாமல் இருக்க நான் என்ன அம்மியா?

சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். கடையில் அமிலம் தெறித்துத் தெறித்து அவளுடைய பள்ளிச் சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. மற்ற பிள்ளைகள் சிரித்தால் "எங்க வீட்டு டிசைன்" என்று சொல்லிவிட்டு வருவாள். பேட்டரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அதன்மேல் ஊற்றுவோம். நுரைத்துப் பொங்கி, பூத்ததெல்லாம் கரைந்து போகும். நான் ஆயிரம் தடவை ஊற்றியிருப்பேன், ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. அவள் கேட்டாள்.

"ஏம்ப்பா பொங்குது?"

"பொங்கும். அவ்வளவுதான்."

"அதான் ஏன்?"

"கடையில வேலை கெடக்கு. ஏன் பொங்குதுன்னு தெரியணும்னா போய்ப் படி, போ."

அப்பா விரட்டுவதற்காகச் சொன்னார். அவள் போய்ப் படித்துவிட்டாள். கல்லூரி, அதற்கு மேலே ஒரு படிப்பு, அப்புறம் டீச்சர் வேலை.

கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறார், நல்ல மனுஷன், எங்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறார். கல்யாணமான புதிதில் டீ போட்டுக் கொடுத்து, "சர்க்கரை ஒரு ஸ்பூன் போதுமா?" என்று கேட்டிருக்கிறார். "தலை தட்டின ஸ்பூனா, குவிச்ச ஸ்பூனா?" என்றாளாம். அன்றோடு அவர் டீ போடுவதை விட்டுவிட்டார். இன்றுவரை அவள்தான் போடுகிறாள். டீ நன்றாகவே இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. யாரும் கண்ணுக்குக் கவசம் இல்லாமல் மேசைப் பக்கம் வரக் கூடாது. தப்பாக வந்த அளவைக் கோடு போட்டு அடிக்கலாம், ரப்பரால் அழிக்கக் கூடாது. எந்தப் பாத்திரம் எடுத்தாலும், எத்தனை சுத்தமாக இருந்தாலும், முதலில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். விடையை அவள் சொல்லவே மாட்டாள். "எனக்கு என்ன வரும்னு கேக்காத. உனக்கு என்ன வந்துச்சு?" என்பாள்.

ஒருமுறை நான், "எதுக்கு ஆசிட்டைக் காசு குடுத்து வாங்குறீங்க? கடையிலேருந்து ஒரு கேன் எடுத்துட்டுப் போயேன்" என்றேன்.

"உன் ஆசிட்ல எத்தனை பங்கு தண்ணி, எத்தனை பங்கு ஈயம்னு உனக்கே தெரியாது. அதை வச்சு எதை அளக்கிறது?"

ஓசியில் தருகிறேன் என்றாலும் குற்றம். போகட்டும்.

இந்த வருஷம் பெரிய சார் மாறினார். பெரிய சார் என்றால் தலைமையாசிரியர். புதிதாக வந்தவர் கணக்குப் பதிவியல் படித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். எங்கோ வேறொரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் ஒரு பிள்ளைக்குக் கையில் அமிலம் பட்டுக் காயம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், லேபை மூடிடலாம்னு இருக்கேன். அந்த ரூம்ல பெரிய திரை ஒண்ணு மாட்டிடுவோம். நீங்க சொல்ற சோதனை எல்லாத்துக்கும் படம் வந்திருக்கு. அழகா இருக்கு. பிள்ளைங்க உக்காந்து பாக்கட்டும். கையில படாது, கண்ணுல படாது."

"மண்டையிலயும் படாது சார்" என்றிருக்கிறாள் இவள்.

அவருக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனால் மனுஷன் கத்தவில்லை. "சரி, ஒரு பீரியட் தர்றேன். நான் வந்து பின்னாடி உக்காந்துக்கிறேன். நாளைக்கே. பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தில் கவலை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே, "ஒரு பீரியட் போதும்ணே. எம் பிள்ளைங்க கையைப் பாத்தா அந்த ஆளு வாயடைச்சுப் போயிருவாரு" என்றாள். மாப்பிள்ளை, "பழைய சோதனையே வச்சுக்க. புதுசா எதையும் தொடாத" என்றார். "வளைவுல வண்டியை மெதுவா ஓட்டுங்கிற மாதிரி சொல்றீங்களே. எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள்.

ஆய்வக உதவியாளருக்கு முதுகுப்பிடிப்பு, எழுந்து நடக்க முடியவில்லை. தங்கச்சிக்கோ காலையில் பெரிய சார் கூட்டிய கூட்டம். மாப்பிள்ளைக்கு வண்டி. மிச்சம் யார்? நான்தான்.

"அண்ணே, காலையில வந்து குடுவைங்களை மட்டும் கழுவிக் கவுத்து வச்சிரு. கண்ணாடிக் குழாய் பக்கமே போகாத, ஒடச்சிருவ. நான் கூட்டம் முடிஞ்சு நேரா வகுப்புக்கு வந்துருவேன்."

போனேன். ஆய்வகம் முதல் மாடியில், படிக்கட்டு ஏறியதும் வலது பக்கம். நீளமான மேசைகள், மேலே கறுப்புக் கல். ஒரு ஓரமாகத் தொட்டியும் குழாயும். ஜன்னலோரம் குடுவைகள் வரிசையாக நின்றன. நானும் முப்பது வருஷமாக அமிலத்தோடு குடித்தனம் நடத்துகிறவன். அமிலம் புழங்கிய பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவுவதாவது! எங்கள் கடைச் சட்டம் வேறு. நாள் முடிவில் புனல், குவளை, கேன் எல்லாவற்றையும் சோடாத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே கவிழ்த்துவிடுவோம். மறுநாள் எடுக்கிறவன் கை வேகாது. தங்கச்சி சொன்னது குறைவேலை, நாம் முறையாகச் செய்வோம் என்று கடையிலிருந்து சோடாவைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். வாளியில் கெட்டியாகக் கரைத்து, ஒவ்வொரு குடுவையையும் முக்கி, சுழற்றி, கவிழ்த்தேன். ஜன்னல் வெயிலில் காய்ந்து பளபளவென்று இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

கூட்டம் நீண்டுவிட்டது. தங்கச்சி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். பின்னாலேயே பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பெரிய சார். பீரியடில் கொஞ்சம் அப்போதே போயிருந்தது. பெரிய சார் நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏதாவது நடந்தால் முதலில் வெளியே போகத் தோதான இடம். நான் ஜன்னல் பக்கம் ஓரமாக நின்றுகொண்டேன்.

தங்கச்சி குடுவைகளைப் பார்த்தாள். பளிச்சென்று நின்றன. நேரத்தைப் பார்த்தாள். "கழுவிக் காஞ்சிருக்கு. நேரா ஆரம்பிச்சிருங்க" என்றாள்.

இருபது வருஷத்தில் அவள் தன் சட்டத்தைத் தானே மீறியது அன்று ஒருநாள்தான்.

பிள்ளைகள் அழகாகச் செய்தார்கள். கவசம் மாட்டினார்கள். ஒருவர் உறிஞ்சுகுழாயில் அமிலத்தை அளந்து குடுவையில் விட, ஒருவர் பியூரெட்டை நிரப்ப, தள்ளுமுள்ளு இல்லை. பெரிய சார் நாற்காலியிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். தங்கச்சி நடந்தாள். "சொட்டு... சொட்டு..." அங்கங்கே ரோஸ் பூத்தது. இளம் ரோஸ்தான். ஒரு பையன் மட்டும் ஒரேயடியாகத் திறந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவள், "டேய், பீட்ரூட் சாறு பிழிஞ்சிருக்கான் பாருங்க டீச்சர்" என்றாள். சிரிப்பு. பெரிய சாரும் சிரித்தார். சரி, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அளவுகளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னாள்.

ஒரே அமிலம், ஒரே காரம். எல்லாருக்கும் காரம் இருபது மில்லிக்குப் பக்கத்தில் செலவாக வேண்டும். போன வாரம் எல்லாருக்கும் அப்படித்தான் வந்ததாம். இன்றைக்கோ ஒரு மேசைக்குப் பதினெட்டு, ஒரு மேசைக்குப் பதினாறரை, ஒன்றுக்குப் பத்தொன்பது. ஆளுக்கொரு பக்கம். எழுதிவிட்டுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பெரிய சார் மெதுவாக எழுந்தார். "பாத்தீங்களா டீச்சர்? நான் குறை சொல்லணும்னு சொல்லல. ஆனா படத்துல போட்டா எல்லாருக்கும் ஒரே விடை வரும். இதுல ஆபத்தும் இருக்கு, விடையும் சரியா வரல. அப்புறம் எதுக்கு இது?"

தங்கச்சி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன். இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த இடம். மூடிவிட்டால் இனி வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

அழவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"பலகையைப் பாருங்க. என்ன தெரியுது?"

"எல்லாமே தப்பு டீச்சர்."

"தப்புன்னு எனக்கும் தெரியுது. என்ன மாதிரி தப்பு?"

முன்வரிசையில் ஒரு ஒல்லிப்பிச்சான் பெண். வகுப்பில் அவளுக்குக் கேள்வி என்று பெயர், சதா எதையாவது கேட்டுக்கொண்டிருப்பதால். அவள் கையைத் தூக்காமலே பேசினாள்.

"டீச்சர், ஒண்ணுகூட இருபதுக்கு மேல போகல."

"ம்."

"கை தப்பா இருந்தா சிலருக்குக் கூடி, சிலருக்குக் குறையணும். எல்லாருக்கும் குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சா என்ன அர்த்தம்?"

"நாம ஊத்தின காரம் கம்மியாவே போதுமா இருந்திருக்கு. அப்போ..." கொஞ்சம் யோசித்தாள். "நாம ஊத்துறதுக்கு முன்னாடியே அமிலத்துல கொஞ்சத்தை வேற ஏதோ தின்னுருக்கு."

"அமிலத்தை எது திங்கும்?"

"காரம்!" வகுப்பே கத்தியது.

"அது எங்கேருந்து வந்துச்சு?"

பீட்ரூட் சாறு பிழிந்த பையன் சொன்னான். "டீச்சர், இன்னைக்குக் குடுவையை நாம அலசல."

தங்கச்சி கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் பெரிய சாரிடம், "சார், ஒரு நிமிஷம் கிட்ட வாங்க" என்றாள். அவர் வந்தார். மிச்சமிருந்த குடுவை ஒன்றை எடுத்துக் கேள்வியின் கையில் கொடுத்தாள். "நீயே பாத்துச் சொல்லு."

அந்தப் பெண் அமிலமும் விடவில்லை, காரமும் விடவில்லை. குடுவையில் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் கொஞ்சம் ஊற்றி, பினாப்தலீன் ஒரு துளி விட்டு ஆட்டினாள்.

வெறும் தண்ணீர், ரோஸானது.

"ஓ!" என்றார் பெரிய சார். மேசைமேல் குனிந்து பார்த்தார். "இதுல ஒண்ணுமே ஊத்தலையேம்மா?"

"ஊத்தல சார். ஏற்கெனவே இருந்திருக்கு. குடுவைக்குள்ள காரம் ஒட்டிக் காஞ்சிருக்கு."

தங்கச்சி தலையைத் திருப்பினாள். ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வகுப்பும் என்னைப் பார்த்தது.

"அண்ணே. குடுவையை எதுல கழுவுன?"

"சோடாத் தண்ணியிலதான். வேற எதுல கழுவுவாங்க?"

சிரிப்பு வெடித்தது பாருங்கள், அடுத்த வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "கழுவிட்டு அலசுனியா?" என்றாள். "அலசுனா சோடா போயிருமே" என்றேன். அதற்கு இன்னொரு சிரிப்பு. என் மானம் கப்பலேறியது. நானும் கட்டையாக நிற்கவில்லை. "எங்க கடையில அப்படித்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். "இது கடை இல்லண்ணே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்புறம் பெரிய சார் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"சார், படத்துல குடுவை எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும். விடை எப்பவும் சரியாத்தான் வரும். வெளியில போனா அப்படியா இருக்கு? எங்க அண்ணன் மாதிரி நாலு பேரு இருப்பாங்க. என்னை மாதிரி அவசரத்துல அலசாம விடுறவங்களும் இருப்பாங்க. தப்பான விடையை வச்சுக்கிட்டு என்ன நடந்துச்சுன்னு இந்தப் பிள்ளைங்க கண்டுபிடிச்சாங்களா இல்லையா? நான் சொல்லிக்குடுத்தேனா? நீங்களே பாத்தீங்க."

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "மறுபடியும் செஞ்சா சரியா வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"அலசுங்க" என்றாள் பிள்ளைகளிடம்.

தொட்டியில் தண்ணீர் ஓடியது. அலசினார்கள், அளந்தார்கள், விட்டார்கள். மணி அடித்தது. ஒருவர்கூட நகரவில்லை. பலகையில் பழைய எண்களைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் புதிதாக எழுதினார்கள். இருபது, இருபதுக்கு ஒரு மயிரிழை கூட, இருபது. ஒரு மேசை பாக்கி இருந்தது. கேள்வி அதைக் காட்டி, "சார், நீங்க செய்யுங்க" என்றாள். அவர் "நானா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கவசத்தை அவளே எடுத்து நீட்டினாள். மனுஷன் மாட்டிக்கொண்டார்.

திருகைத் திறந்தார். தங்கச்சி வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள்தான் சுற்றி நின்று, "சொட்டு சார்... சொட்டு... ஆட்டுங்க சார்... அய்யோ, போச்சு!" என்றார்கள். குடுவை பளீரென்று ரோஸாகிவிட்டது.

"இது தப்பா?"

"வெள்ளமே வந்துருச்சு சார்."

"இன்னொரு தடவை குடுங்க" என்றார்.

இரண்டாம் தடவை சரியாக வந்தது. குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரோஸா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கவசத்தைக் கழற்றியபோது முகம் பழையபடி இறுகிவிட்டது. பயம் அத்தனை சுலபத்தில் போகாது.

"எல்லாம் சரி டீச்சர். கையில பட்டா என்ன செய்வீங்க?"

எனக்குத் தெரிந்த கேள்வி. "சோடாவைத் தூவணும்" என்றேன்.

"அண்ணே, நீ சும்மா இரு. தோல்ல அதையெல்லாம் போடக் கூடாது. தண்ணி சார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் ஓடவிடணும். கண்ணுல பட்டாலும் தண்ணிதான், அப்புறம் டாக்டர்."

"இங்க ஒரு குழாய்தானே இருக்கு? அதுவும் அந்தக் கோடியில. இந்தப் பக்கம் நிக்கிற பிள்ளை அவ்வளவு தூரம் ஓடணுமா?"

தங்கச்சி அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்து, "ஆமா சார். அது குறைதான். கேட்டுக்கிட்டே இருக்கேன், யாரும் போட்டுத் தரல" என்றாள்.

அவர் கதவோரம் போய், தன் நாற்காலியை நகர்த்திவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார். "இங்க ஒண்ணு. கண்ணு கழுவுற மாதிரி மேல பீச்சுற குழாயா இருக்கணும். அது வர்ற வரைக்கும் சோதனை கிடையாது டீச்சர். வந்தப்புறம் நடத்துங்க."

"அப்போ திரை, சார்?"

"நூலகத்துக்குப் பக்கத்து ரூம் சும்மாதானே பூட்டிக் கெடக்கு."

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அவர் அதட்டினார். ஒருத்தரும் பயப்படவில்லை. தங்கச்சி சாக்பீஸை எடுத்துக் கொண்டுபோய்க் குழாய் எத்தனை உயரத்தில் வர வேண்டும் என்று கேட்டாள். அவர் தன் கண்ணை அளவு வைத்தார். அவள் கேள்வியைக் கூப்பிட்டு நிறுத்தி, "சார், இவ கண்ணு இங்க இருக்கு" என்று கீழே தள்ளிக் கோடு போட்டாள்.

அந்த வார முடிவிலேயே குழாய்க்காரர் வந்து சுவரைக் குடைந்தார். திங்கட்கிழமை தங்கச்சி திருகைத் திறந்து, தண்ணீர் கோட்டுக்கு நேராகப் பீச்சுகிறதா என்று பார்த்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டாள்.